அம்மா சொல்லோணும்

“தடுத்தா என்ன பண்ணுவா?” என்று மெர்சி கேட்டதும் கௌதமன் முந்திக்கொண்டான்.

“ஒண்ணும் பண்ண மாட்டாளுங்க. ஒரு அதட்டு போட்டா உட்ருவா.”

மெர்சி குழந்தைகளுக்கான உளவியலாளர். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளைகளிடம் அது எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று கேள்வி கேள்வியாகக் கேட்டு அளப்பவர். சாயிபாபா காலனியில் இருந்த அந்த மாடி அறைக்குக் கௌதமனும் மனைவி செவ்வந்தியும் மகளைக் கூட்டிக்கொண்டு காரமடையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். மகள் மதிவதனி ஏழாவது படிக்கிறாள். போன மாதம் பரீட்சை அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவு நிலையின் இரு பக்கமும் தொட்டாள், பின்னால் நகர்ந்தாள், மறுபடி தொட்டாள். வினாத்தாள் கொடுத்து முடித்தும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

செவ்வந்தி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். விடிவதற்குள் கறிவேப்பிலை லோடு ஏற்றிக்கொண்டு போகிற மனுஷனுக்கு என்ன தெரியும்? மகள் வாங்கும் மார்க் போதாதென்று எப்போதும் சலித்துக்கொள்பவன், மெர்சி அளக்கும் இந்த ஒன்றில் மட்டும் குறைவாக வரட்டும் என்று தவித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“நீங்க சொல்லுங்கம்மா.”

“எனக்குத் தெரியலீங்க” என்றாள். உண்மை அதுதான். அவள் தடுத்ததே இல்லை.

வெளியே படம் வரைந்துகொண்டிருந்த மதிவதனியை மெர்சி கூப்பிட்டார். அவள் வந்து நிலையைத் தொட்டாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

“இப்ப என்னமோ சொன்னீங்களே?” என்றார் மெர்சி.

“நானுங்களா? ஒண்ணும் சொல்லலீங்களே.”

“‘சரி கண்ணு’ன்னீங்க.”

கௌதமன் சிரித்தான். “அது எப்பவும் சொல்றதுதானுங்க.”

செவ்வந்தி மனசுக்குள் வாசல்களை எண்ணிப் பார்த்தாள். குளியலறை, சமையலறை, பள்ளிக்கூட கேட், பஸ் படி. எல்லா இடத்திலும் அவள்தான் சொல்லியிருக்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று மில் வேலையை விட்டாளே, அது வாசல் வாசலாக நின்று இந்த வார்த்தையைச் சொல்லத்தானா?

“உங்க மேல தப்பில்லைங்க. ஆனா நீங்க ‘சரி’ன்னாத்தான் அவ உள்ள வர்றா, அதையும் சேர்த்துத்தான் அளக்கணும்” என்றார் மெர்சி. “இன்னைக்கே நிறுத்திடாதீங்க. அடுத்த வாரம் வாங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்.”

மேட்டுப்பாளையம் சாலையில் வெயில் கொதித்தது. பஸ் வந்ததும் கௌதமன் ஏறி இடம் பிடித்தான். மதிவதனி படியின் இரு கம்பிகளையும் தொட்டாள். திரும்பினாள்.

சொல்லத்தான் செவ்வந்தி நினைத்தாள். அடுத்த வாரம் வரைக்கும் சொல்லலாம் என்றுதானே அந்தம்மாவும் சொன்னார். ஆனால் இத்தனை நாள் மூச்சோடு மூச்சாக வந்துகொண்டிருந்த சொல் இப்போது வரவில்லை. மகளின் முகம் வெளிறியது. மறுபடி தொட்டாள். பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

“ஏம்புள்ள, சொல்லித் தொலையேன்!” என்றான் கௌதமன். அவனே படிக்கு வந்து குனிந்து கையை நீட்டினான். “சரி சாமி, ஏறு.”

“நீங்க சொல்லாதீங்கப்பா! அம்மா சொல்லோணும்!”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அதட்டினால் விட்டுவிடுவாள் என்று சொன்னவன், அதட்ட வாய் வராமல் இறங்கி வந்தான். பஸ் போய்விட்டது.

“அந்தம்மாகிட்ட தப்பாச் சொல்லிப்போட்டேன் புள்ள” என்றான், சாலையைப் பார்த்துக்கொண்டே.

மதிவதனி இரு கைகளாலும் அம்மாவின் கன்னங்களைப் பிடித்தாள். உள்ளங்கைகள் நெருப்பாகச் சுட்டன. கட்டைவிரல்கள் உதட்டோரத்தை நெம்பின. “சொல்லும்மா, சொல்லும்மா.” அடுத்த பஸ் சிக்னலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. செவ்வந்தி வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறதென்று அவளுக்கும் தெரியவில்லை. மகளின் கண்கள் அவள் உதட்டிலேயே நின்றன.