செல்லத்தாயின் குரல்

குளிப்பாட்டிய அக்காவின் தலையை மடியில் வைத்து மாயக்காள் ஈரம் துவட்டிக்கொண்டிருந்தபோது, வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

"செத்தும் பாடுறா பாரு எம்மக," என்றாள் பெரியம்மா முனியாயி.

மைக்செட் சுருளி யாரையும் கேட்காமல் கேசட்டைப் போட்டுவிட்டான். போன வருஷம் திருமங்கலம் கோயில் திருவிழாவில் பதிந்தது. சரணத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு கேட்டது. அது தன் மூச்சு என்பது மாயக்காளுக்குத் தெரியும்.

பதினேழு வயதில் உசிலம்பட்டிச் சந்தைத் திடலில் மேடையேறியவள் செல்லத்தாய். நான்கே வருஷத்தில் அவள் இல்லாமல் சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழாவும் நிறையவில்லை. சுவரெல்லாம் அவள் பேர். டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் தன் சீட்டை விட்டுக்கொடுப்பார். எழுபத்தெட்டாம் வருஷம் கழுத்தில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. அதன்பிறகு அவள் பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது.

அந்தச் சித்திரைக்குப் பதினோரு ஊர்களுக்கு வாக்குக் கொடுத்தாகியிருந்தது. குழுவை நடத்தியவர் அவள் கணவர் உக்கிரபாண்டி.

"இந்த ஒரு சீசன் மட்டும் மாயக்கா. அக்காவுக்காக," என்றார்.

மேடைத் திரைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்து, அக்காவுடையதைப் போலவே இருந்த தன் குரலில் மாயக்காள் பாடினாள். முன்னால் பட்டுச்சேலையில் நின்று அக்கா வாயசைத்தாள். மேடைக்காகத் தொண்டையைக் காப்பாற்றுகிறாள், அதனால்தான் பேசுவதில்லை என்று உக்கிரபாண்டி ஊரிலும் உறவிலும் சொல்லிவைத்தார். ஒரு சீசன் ஐந்து வருஷமாக நீண்டது. மாயக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "நீயும் பாடுவியாம்மா?" என்று கேட்டால், "அதெல்லாம் அக்காதான்" என்று சொல்லப் பழகியிருந்தாள். வீட்டில் முணுமுணுப்பதைக்கூட விட்டுவிட்டாள்.

கட்டி திரும்ப வந்து படுக்கையில் கிடந்த மாதங்களில் அக்கா கேசட்டுகளையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாயக்காளைக் கிட்டே கூப்பிட்டாள்.

"இது நானா, நீயா?"

"நீதாங்க்கா."

அக்கா கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

இப்போது அவளைக் கூடத்து பெஞ்சில் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள். வெளியே பாடை கட்டுகிற சத்தம். முனியாயி மாயக்காளின் தோளைத் தொட்டாள்.

"ரெண்டு வரி பாடி அழு ஆத்தா. கூடப் பொறந்தவ நீ ஒருத்திதான."

நிலைப்படியில் நின்றிருந்த உக்கிரபாண்டி அவசரமாகக் குறுக்கிட்டார். "அவளுக்குப் பாட வராது பெரியம்மா. விடுங்க."

மாயக்காள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி வாய் திறந்தாள். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக, திரை இல்லாமல் பாடினாள். வெளியே ஒலிபெருக்கியிலும் உள்ளே கூடத்திலும் ஒரே குரல். பதறிப்போன சுருளி கேசட்டை நிறுத்தினான். குரல் நிற்கவில்லை.

பெண்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். முனியாயி திருநீற்றை அள்ளி மாயக்காளின் நெற்றியில் பூசினாள்.

"வந்துட்டியா செல்லத்தாயி. என்ன கொற வச்சோம், சொல்லு ஆத்தா."

பாட்டு அறுந்தது. "நான் மாயக்கா, பெரியம்மா. இது ஏங்குரலு."

"ஆமாத்தா, அவ மேலதான் வந்திருக்க. சொல்லு."

மாயக்காள் உக்கிரபாண்டியைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளதைச் சொல்ல அந்தக் கூடத்தில் வேறு ஆள் இல்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கை கூப்பினார்.

"சொல்லு செல்லத்தாயி. என்ன வேணும்?"

மாயக்காளின் தொண்டை வறண்டிருந்தது.

"தண்ணி," என்றாள்.

அவரே போய்ச் செம்பில் மொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கி அண்ணாந்து குடித்தாள். கடைவாயில் வழிந்து ரவிக்கை நனைந்தது. செம்பு காலியாகும்வரை அத்தனை பேரும் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார்கள்.