கூலிங் ஜாஸ்தி

கணவன் பீட்டர் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறான் என்றே ஹெலன் முடிவு கட்டிவிட்டாள். இரண்டு மாதமாக வேளை தவறாமல் இன்சுலின் போட்டும் சர்க்கரை முந்நூற்றுக்குக் கீழே இறங்கவில்லை. சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் அவனுக்கு வேலை. கேட்டுக்கு எதிரே இரண்டு டீக்கடை, ஒரு பேக்கரி. துவைக்கிற சாக்கில் சட்டையை வாங்கி முகர்ந்து பார்ப்பாள், பாக்கெட்டைத் துழாவுவாள். அவனோடு வேலை செய்யும் ராபினுக்கே போன் போட்டு விசாரித்தாள்.

"ஏசப்பா மேல சத்தியமா ஒண்ணும் துன்னலடி."

"அப்ப சக்கர இன்னா காத்துலயா ஏறுது?"

கடைசியில் கிளினிக் நர்ஸ் மெர்சிதான் கேட்டாள். "மருந்த எங்கக்கா வெக்கிறீங்க?"

"புது ஃபிரிட்ஜுலதான். தண்ணி பாட்டில் வெச்சா ஐஸ் மெதக்கும், அவ்ளோ கூலிங்கு!"

மெர்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒறஞ்சி போச்சின்னா இன்சுலின் வேல செய்யாதுக்கா."

புது மருந்தை வாங்கிப் பக்கத்து வீட்டுக் கங்கம்மாவின் ஃபிரிட்ஜில் வைத்தாள் ஹெலன். தன் ஃபிரிட்ஜில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி, உள்ளே குளிர் அளக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்தாள். அப்படியும் காலையில் மைனஸ் மூன்று காட்டியது. ஒரு வாரம் குறித்து வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் வாங்கிய பொன்னேரிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் பரசுராமன் சிரித்தார். "கூலிங் ஆவலன்னுதான் வருவாங்க. ஜாஸ்தி ஆவுதுன்னு நீதாம்மா மொத ஆளு. பில்லு குட்துட்டு போ, பாக்கறேன்."

அசல் பில்லை எதற்குக் கேட்கிறார், தொலைத்துவிட்டால்? ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாள்.

கடையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஃபிரிட்ஜ் கம்பெனிக்கே எழுத வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.' வாங்கிய தேதி, பில் எண், ஏழு நாள் அளவு எல்லாம் எழுதினாள். கடைசியாக இதையும் சேர்த்தாள். 'இதனால் என் கணவரின் மருந்து கெட்டுப்போனது. அது தெரியாமல் அவரைத் திருடனைப்போல் சோதனை போட்டேன்.'

பின்னால் நின்று படித்த பீட்டர் அந்த வரியில் விரலை வைத்தான். "இத்த எதுக்கு கம்பெனிக்காரன் கைல சொல்லிக்கினு கீற? என்னான்ட சொல்லு."

ஹெலனால் நிமிர முடியவில்லை. "தப்புதான்யா. மன்னிச்சிடு."

அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டான். "இர்க்கட்டும். அவனும் தெரிஞ்சிக்கட்டும்."

பதிவுத் தபாலில் அனுப்பிய பன்னிரண்டாம் நாள் கம்பெனி ஆள் பாக்கியராஜ் வந்தான். குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுது என்று வாயால் சொன்னவனை, எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அவள் விடவில்லை. அடுத்த வாரம் வேறு ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது.

மறுமாதம் பீட்டரின் சர்க்கரை நூற்றைம்பதில் நின்றது. கிளினிக்கில் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஹெலன் பிரிக்காமலே அவனிடம் நீட்டினாள்.

"நீயே பாத்து சொல்லுய்யா."