மேவுக்கு இரண்டு ஊசி

லோர்னா கிவேலாவின் மூத்த குழந்தை ஆஸ்கருக்கு ஒரு வயது நிறைந்த கொஞ்ச நாளில் வலிப்பு வந்தது. மளிகைக் கடையில், தள்ளுவண்டியின் முன்னிருக்கையில் காலை ஆட்டியபடி வந்துகொண்டிருந்தவன் திடீரென்று விறைத்துப்போனான். கண் மேலே செருகியது. அவனைக் கட்டியிருந்த பட்டியை லோர்னா இழுத்து இழுத்துப் பார்த்தாள், அவிழவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்தான் அவிழ்த்துக் கொடுத்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. உடம்பு மட்டும் அனலாய்க் கொதித்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் அவனுக்கு ஊசி போட்டிருந்தார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை நான்குக்கும் சேர்த்து ஒரே ஊசி. அதனால் இருக்குமோ என்று லோர்னா கேட்டாள். அப்போதிருந்த வயதான டாக்டர் கை கழுவிக்கொண்டே, குழந்தைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவதுண்டு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ஆஸ்கருக்கு ஒரு குறையும் வரவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பனி வாரும் வண்டிகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறான். ஆனால் 'சம்பந்தமே இல்லை' என்ற அந்தச் சொல் லோர்னாவுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவன் தங்கை மேவுக்கு ஒரு வயது நெருங்கியபோது அது குத்தத் தொடங்கியது.

மேவுக்கு ஊசி போட வாங்கியிருந்த நாளை அவள் இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். ஒரு தடவை சளி என்றாள், அடுத்த தடவை சாலையெல்லாம் பனி என்றாள். இரண்டாவது பொய் எங்கள் ஊரில் யாரிடமும் செல்லாது. பெரிய ஏரியின் தலைமாட்டில் இருக்கிறோம், மே மாதம்கூடப் பனி பெய்யும், அதற்காக யாரும் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை.

அவள் கணவன் டர்க் இரும்புத் தாது ஏற்றும் கப்பல்களில் எந்திரம் பழுது பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான். நாம் இரண்டு பேரும் போட்டுக்கொண்டுதானே வளர்ந்தோம் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தான். அவள் மறுபடி போனில் தேட ஆரம்பித்தாள்.

"எனக்கு ஊசியப் பத்திப் பயமில்ல, லோர்னா. நீ இதையே போட்டுக் குடைஞ்சிட்டு இருக்கே பாரு, அதான் பயமா இருக்கு" என்றான்.

டர்க்கின் தங்கை ஜோலீன் தன் இரண்டு பையன்களுக்கும் ஊசியே போடாதவள். லோர்னா தயங்குகிறாள் என்று தெரிந்ததும் அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. தினமும் ஏதாவது ஒரு வீடியோ அனுப்பினாள். எல்லாவற்றிலும் யாராவது அழுதார்கள், அல்லது யாராவது கோபமாகக் கத்தினார்கள். லோர்னாவுக்கு வேண்டியிருந்தது அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்த குழந்தைகளை யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்பதுதான்.

எண்ணியிருந்தார்கள். ஆனால் இணையத்தில் தேடினால் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கம் மட்டுமே வந்தது, மீதியைப் படிக்கப் பணம் கேட்டார்கள். ஊரின் சிறிய கல்லூரி நூலகத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம் என்று கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். லோர்னா அந்தக் கடையில்தான் மூக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தாள். அன்றிலிருந்து மதிய உணவு நேரத்தில் சாண்ட்விச்சைக் காரிலேயே விழுங்கிவிட்டு நூலகத்துக்கு ஓடினாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. உண்மையான அளவு அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள் என்று தேடித் தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் பிடித்தது. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. ஊசி போடாவிட்டாலும் இந்த வயதுக் குழந்தைகளில் சிலருக்குக் காய்ச்சலில் வலிப்பு வரத்தான் செய்யும். அப்படியானால் ஊசியால் வந்தது எது, தானாக வந்தது எது? படிப்பாள், எழுந்து சன்னலருகே நடப்பாள், திரும்பி வந்து அதே பத்தியைப் படிப்பாள். எதிர் மேசை மாணவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

ஜோலீன் பெரிதாக நம்பிய ஒரு கட்டுரையையும் அவள் தேடி எடுத்தாள். விரல் விட்டு எண்ணக்கூடிய சில குழந்தைகளை மட்டும் வைத்து எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே, இது திரும்பப் பெறப்பட்டது என்று சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். அதை வெளியிட்ட இதழே, தரவுகளை நம்ப முடியவில்லை என்று அறிவித்திருந்தது. லோர்னா அதை ஜோலீனிடம் சொன்னாள்.

"அத எழுதினவரோட வாய அடைச்சிட்டாங்க, அவ்ளோதான். உனக்கு இதுகூடப் புரியலயா?" என்றாள் ஜோலீன்.

"எனக்குப் புரியாதது நிறைய இருக்கு. இது புரிஞ்சுது" என்றாள் லோர்னா. அதற்குப் பிறகு வீடியோக்கள் வருவது நின்றது.

அந்த வாரமே அவள் தேடியது கிடைத்தது. பல லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு. நான்கும் சேர்ந்த ஒற்றை ஊசியை முதல் தடவையாகப் போட்ட குழந்தைகளையும், சின்னம்மைக்குத் தனியாக, மற்ற மூன்றுக்கும் தனியாக என்று இரண்டு ஊசி போட்ட குழந்தைகளையும் அதில் ஒப்பிட்டிருந்தார்கள். போட்ட இரண்டாவது வாரத்தில், ஒற்றை ஊசிக் கூட்டத்தில் காய்ச்சல் வலிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியும் அரிதுதான், சில ஆயிரம் குழந்தைகளில் கூடுதலாக ஒரு குழந்தைக்கு. அந்த வலிப்பு பொதுவாகப் பின்விளைவு எதையும் விட்டுச் செல்வதில்லை என்றும் எழுதியிருந்தது.

லோர்னா அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இத்தனை வருஷமும் தான் கிறுக்குத்தனமாகக் கேட்கவில்லை என்பது முதலில் உறைத்தது. பிறகு கோபம் வந்தது. அந்த டாக்டர் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. கட்டுரையை அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியவள், ஒரு வாடிக்கையாளருக்கு வேறொருவர் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

தெரிந்துகொண்ட பிறகும் அவள் போன் செய்து நாள் வாங்கவில்லை. இன்னும் ஒரு ஆய்வைப் பார்த்துவிடலாம், இன்னும் ஒன்று என்று நாட்கள் போயின.

ஒரு திங்கள்கிழமை, கடையில் இருந்தபோது எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் செய்தி. தட்டம்மை கண்ட ஒருவர் சனிக்கிழமை பிற்பகல் பனிச்சறுக்கு அரங்கில் இருந்திருக்கிறார். அன்று அங்கே ஆஸ்கருக்குச் சறுக்குப் பயிற்சி. லோர்னா மேவை மடியில் வைத்துக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கோகோ வாங்க வரிசையில் நின்றாள். யார் பக்கத்தில் நின்றார்கள், யார் இருமினார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். எல்லாரும்தான் இருமினார்கள்.

அவள் படித்தவற்றில் இதுவும் இருந்தது. நோயாளியின் அருகில் இருந்த மூன்று நாளுக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. மேல்கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் புறப்பட்டு, மேவைத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் இடத்தில் ஹாலோரன் என்ற இளம்பெண் இருந்தாள். நர்ஸ் தட்டில் ஒரே ஒரு ஊசியோடு வந்தபோது லோர்னா மேவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நாலும் சேந்தது வேண்டாம். ரெண்டா போடுங்க."

"ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றாள் டாக்டர்.

"இவ அண்ணனுக்கு அதப் போட்ட அடுத்த வாரம் வலிப்பு வந்துது. சம்பந்தமில்லன்னு இதே ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

டாக்டர் கணினியில் ஆஸ்கரின் பதிவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள். வலிப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. லோர்னா பையிலிருந்து கசங்கிய தாள்களை எடுத்து நீட்டினாள். இப்போது இந்தப் பெண்ணும் கை கழுவப் போவாள் என்று எதிர்பார்த்தாள். டாக்டரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லோர்னா கோடு போட்டிருந்த இடங்களைப் படித்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். கொஞ்சம் இருக்கச் சொன்னாள்.

"நீங்க சொல்றது சரிதான். கூடப்பிறந்தவங்களுக்கு வலிப்பு வந்திருந்தா, முதல் தடவ ரெண்டாத்தான் போடணும். இத நாங்கதான் உங்ககிட்ட கேட்டிருக்கணும். அன்னைக்கும் சொல்லியிருக்கணும்."

சண்டைக்கு என்றே திரட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் லோர்னாவுக்குத் தேவைப்படவில்லை. அப்படியானால் இவளுக்கு வலிப்பு வரவே வராதா என்று கேட்டாள்.

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். வாய்ப்பு கம்மி. ஆனா தட்டம்மை வந்துட்டா, அதுல வர்ற ஆபத்து இதவிட ரொம்பப் பெருசு."

வராது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை லோர்னா எழுந்து போயிருப்பாள். ஊசி போடும்போது மேவின் இரண்டு தொடைகளையும் அவளே பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காய்ச்சல் வந்தது. லோர்னாவால் உட்கார முடியவில்லை. தொட்டிலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். வெப்பமானியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். டர்க் வந்து குழந்தையைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டான்.

"அந்தக் கட்டுரைய நானும் படிச்சேன். பாதி புரியல" என்றான்.

"எந்தப் பாதி?"

"நடுவுல இருக்கிறது எல்லாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அடைப்புக்குறி எண்களைச் சொல்லிக் கொடுத்தாள். பாதியில் எழுந்து மேவின் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தாள். பொழுது சாயும்போது காய்ச்சல் இறங்கியது. வயிற்றில் மட்டும் கொஞ்சம் சிவப்புத் தடிப்பு இருந்து, அதுவும் மறைந்தது. வலிப்பு வரவில்லை.

எங்கள் ஊரில் அந்தத் தடவை வேறு சிலருக்குத் தட்டம்மை கண்டது, ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. ஜோலீனின் பையன்களும் அரங்குக்குப் போயிருந்ததால் மூன்று வாரம் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈஸ்டர் விருந்துக்கு வந்தபோது ஜோலீன் தட்டில் பன்றித் தொடைக்கறியை வெட்டிக்கொண்டே அதைச் சொன்னாள்.

"பாத்தியா, எங்க பசங்களுக்கு ஊசியும் இல்ல, ஒண்ணும் ஆகவும் இல்ல."

"ஆகாம இருந்தது எனக்கும் சந்தோஷம்தான், ஜோலீன்" என்றாள் லோர்னா. அதை மனதாரத்தான் சொன்னாள். ஆனால் மேசையின் கோடியில் ஜோலீனின் சின்னவன் இருமியபோதெல்லாம் லோர்னாவின் கை தட்டிலேயே நின்றது. வெறும் சளிதான் என்று டர்க் மெல்லச் சொன்னான். தெரியும் என்றாள். பிறகு எழுந்துபோய் அந்தப் பையனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.