மாயக்காள் போட்டுடைத்த ஏழு படங்கள்

கொலைகாரனை முதல் காட்சியிலேயே காட்டிவிடுவது இன்று சென்னையில் பெரிய நாகரிகம். புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களெல்லாம் "மாரிச்செல்வம் சார் பாணி" என்று சொல்லிக்கொண்டு அதைத்தான் செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அந்தப் பாணி பிறந்தது பந்தல்குடியில், ஒரு பரோட்டாக் கடை வாசலில் என்பது அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தக் கடை மாரிச்செல்வத்தின் அக்காள் மாயக்காளுடையது. தம்பி மேல் உயிர்தான், வாய்தான் நிற்காது. அவர் எடுத்த மர்மப் படங்கள் ஒவ்வொன்றையும் அருப்புக்கோட்டையில் முதல் காட்சி பார்ப்பாள். இடைவேளைக்கு முன்பே, "அந்த டாக்டருதான்" என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடுவாள். "இம்புட்டு நல்லவனா ஒருத்தன் வந்தா அவன்தானே கொன்னிருப்பான்" என்பது அவள் கணக்கு. ஏழு படத்திலும் அது தப்பவில்லை. பிறகு கடைக்கு வந்து பரோட்டாவோடு சேர்த்துக் கொலைகாரன் பெயரையும் பரிமாறுவாள். சாப்பிட்ட லாரிக்காரர்கள் சாயங்காலத்துக்குள் அதைத் தூத்துக்குடியிலும் மதுரையிலும் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். மிச்சத்தை அவளுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொள்ளும்.

ஆறு படங்கள் எப்படியோ தப்பித்து, விருதுகூட வாங்கின. ஏழாவது மூன்றே நாளில் படுத்துவிட்டது. தயாரிப்பாளர் சௌந்தரபாண்டியன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"கொலைகாரன் பேரு தெரிஞ்சபெறகு எவன் சார் டிக்கெட் எடுப்பான்? ஒங்க படத்த எவனாச்சும் ரெண்டு தடவ பாத்திருக்கானா? இன்னும் ஒண்ணு எடுப்போம். அதுவும் இப்படிப் போச்சுன்னா நாம ரெண்டு பேரும் வேற சோலி பாக்க வேண்டியதுதான்."

அக்காளோடு சண்டை போடத்தான் மாரிச்செல்வம் பந்தல்குடிக்கு வந்தார். படம் எடுத்து ஊரையே பயமுறுத்துகிற மனிதர் அவள் முன்னால் சின்னத் தம்பியாகிவிட்டார். டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எதிரே நின்ற சிமெண்ட் லோடு லாரி பின்னால் நகர ஆரம்பித்தது. பின்சக்கரத்துக்கு நேரே ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. டிரைவருக்குத் தெரியவில்லை, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. பரோட்டாவைப் பிய்த்த கைகள் அப்படியே நின்றன. யார் வந்தாலும் கல்லை விட்டு நகராத மாயக்காள் கரண்டியோடு ரோட்டுக்கு ஓடினாள்.

"ஏலே, நிறுத்துலே! நிறுத்து!"

லாரி ஒரு சாண் தள்ளி நின்றது. குட்டி எழுந்து, உடம்பை உதறிவிட்டுத் தன்பாட்டுக்குப் போனது.

மாரிச்செல்வத்தின் டீ ஆறிப்போயிருந்தது. அடப் பாவமே, இருபது வருஷமாகச் சனங்களிடம் மறைத்து மறைத்தல்லவா பயம் காட்டப் பார்த்தோம்? எல்லாரிடமும் சொல்லிவிட்டு, படத்துக்குள் இருக்கிற ஒருத்தியிடம் மட்டும் சொல்லாமல் விட்டால்?

அருப்புக்கோட்டைக் கொட்டகையில் எட்டாவது படத்தின் முதல் காட்சி. மாரிச்செல்வம் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நிமிஷமே திரையில் ஒரு வீட்டுக்காரன் யாரையோ கொன்று, கத்தியைக் கழுவி வைத்தான். அந்த வீட்டு மாடிக்கு ஒரு பெண் வாடகைக்குத் தனியாகக் குடிவந்தாள்.

மாயக்காள் சிரித்தாள். "என்னடா தம்பி, எனக்குச் சோலி வைக்காம நீயே சொல்லிப்புட்ட?"

"பாருக்கா."

பெண் தாழ்ப்பாள் போட மறந்துபோனாள். வீட்டுக்காரன் படியேறினான். அவள் எழுந்து கதவு வரைக்கும் வந்தாள். போன் அடிக்கவும் திரும்பிப் போனாள். மாயக்காளின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தம்பியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டாவது தடவையும் அந்தப் பெண் கதவருகே வந்து திரும்பியபோது மாயக்காள் சீட்டை விட்டு எழுந்தேவிட்டாள்.

"ஏத்தா, தாழ்ப்பாளப் போடுத்தா! வந்துட்டான்!"

கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் எழுந்துதான் நின்றிருந்தார்கள். இருட்டில் மாரிச்செல்வத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வாங்கிய விருதுகளில் ஒன்றுக்கும் அவர் அழுததில்லை.

கடைசியில் அந்தப் பெண் தப்பித்தாள். விளக்குப் போட்டார்கள். அடுத்த காட்சிக்காக வாசலில் நின்ற லாரிக்காரர்கள் மாயக்காளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"யக்கா, யாரு கொலைகாரன்?"

"வீட்டுக்காரன்தான். அது மொதல்லயே தெரிஞ்சிரும், நீங்க உள்ள போங்க" என்றவள் தம்பி பக்கம் திரும்பினாள். "செல்வம், எனக்கும் ஒரு டிக்கெட் எடு. இந்தத் தடவயாச்சும் அந்தப் பிள்ள தாழ்ப்பாளப் போடுறாளான்னு பாப்போம்."