சிங்கத்தின் மூக்கில் ஒரு கொசு

சீனத்தில் கேண்டன் துறைமுகத்துக்கு எதிரே, ஹோனாம் தீவில், லாம் முதலாளியின் பட்டறையில் நான் பீங்கான் தட்டுகளுக்குச் சித்திரம் தீட்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரர்கள் தங்கள் குடும்பச் சின்னத்தைக் காகிதத்தில் வரைந்து கப்பலில் அனுப்புவார்கள். காகிதத்தில் உள்ளது தட்டில் வர வேண்டும். ஒரு கோடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அர்த்தம் கேட்பது எங்கள் வேலையில்லை.

அந்த வருடம் ஒரு கப்பல் கேப்டனிடமிருந்து வந்தது, பின்னங்காலில் நின்று முன்னங்காலைத் தூக்கிய சிங்கம். அதன் மூக்கில் ஒரு கொசு. வழியில் யாரோ காகிதத்தோடு சேர்த்து அடித்த கொசு என்று எனக்கெப்படித் தெரியும்? இரட்டைத்தலைக் கழுகு, மீன்வால் பெண் எல்லாம் வரைந்தவன் நான். முந்நூறு தட்டிலும் கொசுவை ஆறு காலோடு இறக்கினேன்.

சூளையிலிருந்து வந்த தட்டுகளைப் பார்த்த முதலாளி, காகிதத்தை நகத்தால் சுரண்டினார். கொசு உதிர்ந்தது.

"அடேய் ஆ-கூன், குடியக் கெடுத்துட்டியே. அடுத்தவன் சின்னம் போட்ட தட்டக் கேண்டன்ல எவன்டா வாங்குவான்? கேப்டன் வேணாம்னுட்டா பட்டறைய மூட வேண்டியதுதான்."

"கொசு உயிரோட இருக்கிற மாதிரி வந்திருக்கு முதலாளி."

"அதான்டா வயித்தெரிச்சல்."

கேப்டன் வந்தார். மேல் தட்டைப் பார்த்ததும் பளாரென்று ஓர் அறை. தட்டு இரண்டானது. அடுத்த தட்டு, அடுத்த அறை. பதினொன்று உடைந்த பிறகுதான் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரத்தமே இல்லை.

"என்னய்யா இது?" என்றார், துறைமுகத்துக் கலப்புப் பேச்சில்.

முதலாளி உடைந்த துண்டுகளைப் பொறுக்கக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன்: "உங்க சிங்கம் எத்தனை தலைமுறையா கையத் தூக்கிட்டு சும்மா நிக்குது ஐயா. எதுக்குன்னு காட்ட வேணாமா?"

கேப்டன் அடுத்த தட்டை எடுத்து, சிங்கத்தின் தூக்கிய காலை விரலால் தடவினார்.

"சின்ன வயசுல இதையேதான் எங்கப்பாகிட்ட கேட்டேன். அடிதான் விழுந்துச்சு. மிச்சத்தக் கட்டு, வாடைக்காத்து வந்தாச்சு, கப்பல் கிளம்பணும்."

தட்டுகள் கப்பலின் அடித்தளத்தில் இறங்கின. மேலே தேயிலை ஏறியது.

மறுவருடம் கேப்டன் திரும்பி வந்தார். அவர் வீட்டு விருந்தில் நாற்பது பேர் கொசு அடித்ததில், ஒருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லையாம். இறைச்சி அப்படியே மிஞ்சிவிட்டதாம்; உடைந்த தட்டைவிட இறைச்சிதான் விலை கூடவாம். மகிழ்ந்துபோய் இன்னும் அறுநூறு தட்டு கேட்டார்.

அதன்பின் எந்தக் காகிதம் வந்தாலும் முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்து மூலைமூலையாகத் தேடுவார். சுத்தமாக இருந்துவிட்டால் அன்று முழுக்க எங்களோடு பேசமாட்டார்.