முனியின் தொடை எலும்பு

மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குன்றை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழையில் ஊறிக் கிடந்த மண் காலையில் சரிந்து, வெட்டிக்கொண்டிருந்த கூலியாள் பத்துமலையை உள்ளே போட்டு மூடிவிட்டது. அவன் பெண்சாதி இருளாயி ரப்பர் பால்வாளியைக் காட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தபோது ஆட்கள் மளமளவென்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணில் காதை வைத்துப் படுத்தவளுக்கு உள்ளே கடப்பாரையால் தட்டுகிற சத்தம் கேட்டது. உயிரோடுதான் இருக்கிறான். அவளுக்கு அது போதும்.

பிறகுதான் வினை வந்தது. முன்னால் வெட்டிக்கொண்டிருந்த சீனியின் மண்வெட்டி எதிலோ ணங்கென்று பட்டது. மரம் என்று நினைத்து மண்ணை வழித்தார்கள். மரமா அது? எலும்பு! ஆள் உயரத்துக்கு மேல் நீளம், தென்னந்துண்டு போலப் பருமன், கல்லாக இறுகிக் கிடந்தது.

கங்காணி அப்பாவுவின் முகம் செத்துப்போயிற்று. இது முனியாண்டியின் தொடை எலும்பு, சாமி படுத்திருக்கிற இடத்தில் கை வைத்துவிட்டோம், சேவல் அறுத்துச் சாராயமும் சுருட்டும் படைத்து உத்தரவு கேட்காமல் இனி ஒரு பிடி மண் அள்ளக்கூடாது என்றார். வாய் கிழிய வீரம் பேசுகிற ஆம்பிளைகள் அத்தனை பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டுக் கைகட்டி நின்றார்கள். பூசாரியைக் கூட்டிவர ஆள் போயிற்று. அந்தப் புண்ணியவான் இருந்ததோ அடுத்த தோட்டத்தில்.

இருளாயி ஒவ்வொருவர் காலாகப் பிடித்தாள்.

"அண்ணே, உள்ள தட்டுறாருண்ணே. கேக்குதா இல்லையா?"

"கேக்குது தாயி," என்றார் அப்பாவு. "சாமிக் குத்தம் ஆயிட்டா தோட்டமே அழிஞ்சிரும்லா. கொஞ்சம் பொறு."

எப்படிப் பொறுப்பாள்? தானே மண்வெட்டியைத் தூக்கினாள், பிடுங்கித் தள்ளிவிட்டார்கள். மறுபடி காதை வைத்தாள். சத்தம் இளைத்திருந்தது. ஒரு தட்டு, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று. இவர்கள் தன் பேச்சைக் கேட்க மாட்டார்கள், சாமி பேச்சைத்தான் கேட்பார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கொண்டையை அவிழ்த்தாள். திருவிழாவில் சாமியாடுகிறவர்களைத் தூரநின்று பார்த்ததோடு சரி, ஒருநாளும் ஆடியவள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எலும்பின் மேலேயே ஏறி ஆடினாள். சாமி பேரில் பொய் ஆடுகிறோமே என்று உடம்பு வெடவெடத்தது. பார்த்தவர்கள் அதையும் அருள் என்றே நினைத்தார்கள்.

"டேய், என் காலைத் தூக்குங்கடா! எம்புள்ள பின்னால கெடக்கான். பூசையைப் பொறவு குடுங்கடா!"

அப்பாவு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மறுநிமிடம் எல்லா மண்வெட்டியும் எழுந்தது. எலும்பு துண்டு துண்டாக உடைந்து வெளியே வந்தது. அதன் பின்னாலிருந்த பொந்தில் பத்துமலை கடப்பாரையை மார்போடு அணைத்தபடி கிடந்தான். உடம்பில் சூடு இருந்தது. மூச்சுத்தான் இல்லை.

கருமாதி முடிந்த பிறகு, பழைய எலும்புகளை ஆராய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் வந்து துண்டுகளை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்கினார். அவர் சொன்னதைத் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி கார்த்திகேசு, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து விளக்கினார். மனுசன் பிறப்பதற்கு எத்தனையோ யுகம் முந்தி வாழ்ந்த மிருகமாம். மரத்துக்கு மேலே நீளுகிற கழுத்தாம். விடிந்தால் அடைந்தால் தழை மேய்வதுதான் அதற்கு வேலை, எந்த உயிரையும் கடித்ததில்லை. ஆற்றுச் சேற்றில் மாட்டி எழ முடியாமல் செத்திருக்கும் என்றார்.

இருளாயி வீட்டு வாசலில் அப்போதும் கூட்டம். முனி இறங்கிய உடம்பாயிற்றே! காய்ச்சல் பிள்ளைக்குத் திருநீறு கேட்டும், குறி கேட்டும் நின்றார்கள். வெற்றிலைத் தட்டோடு அப்பாவு முன்னால் நின்றார். கிராணி சொன்னதைக் கேட்டு அவள் தலைவிரி கோலமாக வெளியே வந்தாள்.

"எலை திங்கிற ஜந்துவா?" என்றாள். அப்பாவு பக்கம் திரும்பினாள். "அதுக்கா பயந்து நின்னீங்க? எம்புருசன் தட்டத் தட்ட நின்னீங்களே!"

அப்பாவு நடுங்கிப்போய் அவள் காலில் விழுந்தார். முனி இன்னும் கோவமாக இருக்கிறார் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சூடம் கொளுத்தினார்கள்.