புது ரசிகைகள்

பலகை நகர்ந்துகொண்டே இருக்கும்; ஆளும் கூடவே நடக்க வேண்டும். காருக்குள் போகிற வயர்க் கற்றையை, பலகையின் முளைகளுக்கு நடுவே பரப்பி, கறுப்பு டேப்பைச் சுற்றி இறுக்கி, பலகை மஞ்சள் கோட்டைத் தாண்டுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் திரும்பி ஓடிவந்து அடுத்த பலகையைப் பிடிக்க வேண்டும். இரண்டு வருஷமாக நடப்பதும் ஓடுவதுமாகத்தான் கன்னிகாவின் பகல்கள் போயின. விரல் நுனிகளில் டேப் பசை கறுப்பாக ஏறியிருந்தது. கல்யாண வீட்டில் இலை போடக் கூப்பிட்டால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

லைன் லீடர் சுதீர் ஒரு தாளோடு வந்து, பலகை கூடவே நடந்தபடி சொன்னான்.

"கன்னிகா, நீ ஃபுட்பால் டீம்ல இருக்க."

"நானா சார்? நான் பந்தக் கையால தொட்டதுகூட இல்ல சார்."

"கையால தொட வேணாம். அதுதான் ரூல்."

அவளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆந்திர எல்லையில் இருக்கிற நாகலாபுரம் நிறுத்தத்துக்குப் பஸ் ஆறு ஐம்பதுக்கு வரும். கன்னிகா ஆறு ஐம்பத்தொன்றுக்கு வருவாள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் செருப்பு, வாயில் தலைமுடி கிளிப். பெருமாள் கோயில் திருப்பத்திலிருந்து அவள் ஓடி வருவதை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் தினமும் எண்ணிக்கொண்டு வருவார்கள். 'இவ்வளவு வேகமா ஓடுற பொண்ணு இந்த ஏரியாலயே இல்ல சார்' என்று டிரைவர் சுதீரிடம் சொல்லியிருந்தார். அதுதான் தேர்வு.

அது ஆஸ்திரேலியாவில் பெண்கள் ஆசியக் கோப்பை நடந்துகொண்டிருந்த மாதம். நம் பெண்களும் அங்கே போயிருந்தார்கள். பெங்களூர் ஹெட் ஆபீஸில் யாருக்கோ அது மனதில் பட்டுவிட்டது. கம்பெனியில் வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பெண்கள்; அவர்களைப் பெண்கள் கால்பந்துக்கு ரசிகைகள் ஆக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கேன்டீன் டிவியில் சீரியல் போய்க் கால்பந்து வந்தது. பெண்கள் தட்டோடு டிவிக்கு முன்னால் குவிந்தார்கள். அதைப் படம் எடுத்து ஹெட் ஆபீஸுக்கு அனுப்பினார்கள். டிவிக்கு நேர் மேலேதான் பெரிய ஃபேன் சுற்றுகிறது என்பது படத்தில் தெரியவில்லை.

"அந்த ஆளு இன்னாத்துக்குடி கொடியத் தூக்கினு நிக்கிறான்?" என்றாள் சபீனா. லைனில் கன்னிகாவுக்கு அடுத்த பலகை அவளுடையது.

"ஆஃப்சைடாம்."

"அப்டின்னா?"

"முன்னாடி போய் நின்னுக்கினா தப்பாம்."

"முன்னாடி போறதுக்குத்தானேடி ஆடறாளுங்க?"

கன்னிகாவுக்கும் அதே குழப்பம்தான். ஆனால் அவளை அது விடவில்லை. பஸ்ஸில் வரும்போது செல்போனில் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தாள். மண்ணில் விழுந்து, எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு ஓடுகிற பெண்களைப் பார்க்கப் பார்க்க, தன் தொடை ஏன் இறுகுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ பையன்கிட்ட பேசுறான்னு பாத்தா, இவ பொம்பளைங்களப் பாத்துக்கினு கீறா" என்று பின்சீட்டுக்குச் சேதி அனுப்பினாள்.

டீமில் இருப்பவர்களுக்கு வேலை நிரந்தரமாகும் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ, ஒரே வாரத்தில் ஏழு லைனையும் சுற்றி வந்தது. கன்னிகா டிரெய்னி. மார்ச் முடிந்தால் அவளுடைய இரண்டு வருஷமும் முடிகிறது. லெட்டர் கொடுத்தால் நிரந்தரம், கொடுக்காவிட்டால் வீடு. இருபத்தைந்து முடியப் போகிறது. மற்ற கம்பெனிகளின் கேட்டில் தொங்கும் அட்டைகளில் வயது பதினெட்டு முதல் இருபத்துநாலு வரை என்றுதான் போட்டிருந்தது.

"பந்த ஒதச்சா வேல குடுக்கிறானா?" என்றார் அவளுடைய அப்பா நாராயணசாமி, நெல் மூட்டையைத் தைத்துக்கொண்டே. "இன்னா கம்பெனிமே அது?"

"எனக்கும் தெரியல நைனா. எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றாங்கன்னா ஒதைக்க வேண்டியதுதான்."

பத்து நாள் பயிற்சி. திருப்பதியிலிருந்து ஒரு பி.டி. மாஸ்டர் வந்தார். 'பாஸ் இவ்வு, பாஸ் இவ்வு' என்று தெலுங்கில் கத்துவார். இவ்வு என்றால் கொடு என்று தெரியும்; பாஸ் என்றால் பந்தா, வழியா என்று புரிவதற்கே நாலு நாள் ஆயிற்று. ஆறாவது நாள் பந்து கன்னிகாவின் காலில் சொன்னபடி கேட்டது. அன்று பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தாள். அதையும் பின்சீட்டு குறித்துக்கொண்டது.

ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை, அட்டைப்பெட்டிக் கம்பெனிப் பெண்களோடு. கம்பெனிக்குப் பின்னாலிருந்த பொட்டலை உருட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இரும்புக் குழாயில் உட்காரப் படிக்கட்டு கட்டி, மேலே பந்தல். மதியம் மூன்று மணிக்கு லைனை நிறுத்தி எல்லோரையும் அங்கே அனுப்பினார்கள். கார்டு தட்டுகிற மிஷின் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து படிக்கட்டின் வாசலில் வைத்திருந்தார்கள். ஆட்டம் பார்த்துவிட்டு வெளியேறும்போது அங்கேயே கார்டைத் தட்டினால் முழு ஷிஃப்ட். காலையில் தட்டிச் சாயங்காலம் தட்டாமல் போனால் அரை நாள் ஆப்சென்ட் விழும். அந்தப் பயம் கம்பெனியில் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் கேஸை மூடினோமா என்று மறந்தாலும் தட்ட மறக்க மாட்டார்கள்.

விருந்தாளிகள் பேசினார்கள். பெண் சக்தி என்றார்கள். ஒருவர் கிரிக்கெட்டைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்க மூன்றே முக்கால் ஆகிவிட்டது. கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்று ரெஃப்ரி சொல்ல, கன்னிகா கார்டைக் கழற்றிப் பார்த்தாள். புது ஜெர்சியிலும் பாக்கெட் இல்லை, கால்சட்டையிலும் பாக்கெட் இல்லை.

"இந்தாடி, வச்சுக்கோ" என்று படிக்கட்டில் இருந்த சபீனாவிடம் எறிந்தாள். சபீனா அதைத் தன் கார்டோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

முந்நூறு பெண்கள் கத்தினார்கள். பந்து உள்ளே வந்தாலும் கத்தினார்கள், வெளியே போனாலும் கத்தினார்கள். எதிர் அணிப் பெண் கீழே விழுந்தபோது, "பாவம்டி, பாத்து!" என்று பத்துப் பேர் எழுந்து நின்றார்கள். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் தன் பெயரைச் சொல்லிக் கன்னிகா கேட்டதில்லை. இடைவேளை முடிந்து, இரண்டு அணியும் பக்கம் மாறியது அவள் மண்டையில் ஏறாமல், தன் கோலை நோக்கியே பந்தை ஓட்டிக்கொண்டு போனாள். தன் அணி கோல்கீப்பரே இரண்டு கையையும் விரித்து, "ஏய் கன்னிகா, நான்தான்டி!" என்று அலறிய பிறகுதான் நின்றாள். அதற்கும் கைதட்டு விழுந்தது.

நாலரைக்குப் பஸ் ஹாரன் அடித்தது.

சத்தியவேடு பஸ், நாகலாபுரம் பஸ், தடா பஸ் என்று மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக அடித்தன. படிக்கட்டு முழுவதும் எழுந்தது. பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோ. ஆட்டோவை விட்டால் நடை. பெண்கள் மிஷின் முன்னால் வரிசை கட்டித் தட்டித் தட்டி ஓடினார்கள். சபீனா தன் கார்டைத் தட்டினாள். கன்னிகாவின் கார்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். பாவம், இவள் ஆடி முடித்து இங்கே வருவதற்குள் மிஷினைக் கழற்றிவிடுவார்கள், அரை நாள் போய்விடும் என்று அதையும் தட்டினாள். இரண்டு தடவையும் பச்சை விளக்கு எரிந்தது. கன்னிகாவின் கார்டை சுதீரின் நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினாள்.

ஆடுகிறவர்களுக்கு வேனும் உண்டு, அவர்களுடைய நேரத்தைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளவும் ஆள் உண்டு. அதை யாரும் சபீனாவிடம் சொல்லியிருக்கவில்லை.

காலிப் படிக்கட்டுக்கு முன்னால் கன்னிகா கோல் போட்டாள். பந்து எப்படி அங்கே வந்தது, எந்தக் காலால் உதைத்தாள் என்பதெல்லாம் பிறகு யோசித்தபோது நினைவில்லை. வலை உப்பியது. கத்துவார்கள் என்று நினைத்துத் திரும்பினாள். பந்தலின் கீழே தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த செக்யூரிட்டி கங்கையா மட்டும் சாக்கைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"பாகுந்தி அம்மாயி! சூப்பரு!" என்று தெலுங்கில் மெச்சினார்.

புதன்கிழமை ஹெச்ஆரிலிருந்து அழைப்பு வந்தது. லெட்டர்தான் என்று லைனே முடிவு செய்தது. "பூந்தி இல்லாம வராத" என்றாள் சபீனா. கன்னிகா விரல் பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஹெச்ஆர் லோகேஸ்வரன் சித்தூர்க்காரன். வயது முப்பதுகூட இருக்காது. உட்காரச் சொன்னான். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். திரையில் அவள்தான்: ஒரு கால் காற்றில், தலைமுடி கலைந்து, பின்னால் பந்து.

"இது நீதானே?"

"ஆமா சார்." அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நல்ல போட்டோ. ஹெட் ஆபீஸ்ல புக்லெட் அட்டைக்கே எடுத்துக்கிட்டாங்க." அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "டைம் பாரு. நாலு நாப்பத்தொண்ணு. ஆனா உன் கார்டு நாலு முப்பத்திரண்டுக்கு வெளிய போயிருக்கு. நீ எங்கம்மா இருந்த?"

"கிரவுண்ட்ல சார்."

"அப்ப கார்டு தட்டினது எவரு?"

அவளுக்குப் புரியவில்லை. அவன் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னான். ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் தட்டுவது திருட்டுக்குச் சமம். சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தட்டியவரும் வெளியே, தட்டச் சொன்னவரும் வெளியே. பெங்களூர் சிஸ்டமே கண்டுபிடித்துச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறது. இவன் அழித்தால் இவனுக்கும் கோடு.

"நான் எங்கயும் ஓடிப் போவல சார். ஆடிக்கினுதான இருந்தேன். போட்டோலயே கீறேனே?"

"அதான்மா ப்ராப்ளம். போட்டோ இல்லாட்டி இது வெளியவே தெரிஞ்சிருக்காது."

"அப்ப படிக்கட்டுல குந்திக்கினு இருந்திருந்தா?"

"ஒண்ணும் இல்ல. ஃபுல் ஷிஃப்ட்."

லோகேஸ்வரன் குரலைத் தணித்தான். "யாருன்னு பேர் எழுதிக் குடு. இல்லாட்டி நீயே தட்டச் சொன்னதாத்தான் ஆகும். கார்ட யாரோ உன்னைக் கேக்காம எடுத்துட்டாங்கன்னு போட்டுக்கலாம். உனக்கு வார்னிங்கோட முடிச்சிடுவேன். லெட்டருக்கும் பேசிப் பாக்கிறேன்."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளினான். கன்னிகா பேனாவை எடுத்தாள். தன் பெயரை எழுதினாள். பிறகு எந்த வரியில் என்ன எழுதுவது என்று தெரியாதவள்போல அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெஞ்சுல வச்சேன் சார். யார் எடுத்தாங்கன்னு தெரியாது."

"கேமரா அங்க இல்லன்னு தெரிஞ்சிதான் சொல்றியா?"

"கேமரா இல்லன்னு இப்பத்தான் சார் தெரியும்."

விஷயம் அவள் லைனுக்குத் திரும்புவதற்கு முன்பே லைனுக்கு வந்திருந்தது. சபீனா பலகையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பாதி சுற்றிய டேப் அவள் கையிலேயே தொங்கியது.

"நான் போய் சொல்லிடறேன்டி. நல்லதுக்குத்தான் தட்டினேன்னு சொல்றேன்."

"சொன்னா ரெண்டு பேரும் வெளிய. ஒருத்தி போதும்."

"எனக்காக நீ இன்னாத்துக்குடி போவணும்? நான் கேட்டனா?"

"நான் மட்டும் தட்டச் சொல்லிக் கேட்டனா? போடி, பலகை போவுது பாரு."

பலகை போய்விட்டிருந்தது. மஞ்சள் கோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுதீர் கத்தினான். சபீனா அழுதுகொண்டே ஓடிப்போய் டேப்பைச் சுற்றினாள்.

மதியம் மூன்று மணிக்குக் கார்டையும் யூனிஃபார்மையும் வாங்கிக்கொண்டு கன்னிகாவை வெளியே அனுப்பினார்கள். பஸ் நாலரைக்குத்தான். கேட்டுக்கு வெளியே செக்யூரிட்டி ஷெட் நிழலில் டிபன் பையோடு நின்றாள். தப்பு எது என்று மறுபடியும் முதலிலிருந்து யோசித்துப் பார்த்தாள். கார்டைக் கழற்றியதா, எறிந்ததா, கோல் போட்டதா? ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்து நின்றது.

கங்கையா ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று காலைதான் அதை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். பெண்கள் கால்பந்துக்குக் கம்பெனியில் எத்தனை புது ரசிகைகள் என்று ஹெட் ஆபீஸுக்குக் கணக்கு வேண்டுமாம். வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் வாங்க வேண்டுமாம்.

"சும்மா நிக்கிறதானம்மா. ஒண்ணு போட்டுக் குடு. காலைலேர்ந்து போடறாளுங்க, எவளும் படிக்கிறது இல்ல. எஸ் எஸ்னு குத்திட்டு ஓடறாளுங்க."

கன்னிகா வாங்கிப் படித்தாள். இதற்கு முன் பெண்கள் கால்பந்து பார்த்ததுண்டா? இல்லை. இப்போது பார்க்கிறீர்களா? ஆம். உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர்? அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். செல்போனில் பார்த்த ஒரு கோல்கீப்பரின் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தாள். போட்டி முடிந்த பிறகும் பார்ப்பீர்களா? யோசித்தாள். ஆம்.

கடைசியில் பணியாளர் எண் கேட்டது. இரண்டு வருஷம் கழுத்தில் தொங்கிய எண், பார்க்காமலே அடித்தாள். பெட்டி சிவப்பாகி, அப்படி ஓர் எண் இல்லை என்றது.

"நம்பர் தப்பா?" என்றார் கங்கையா.

"தப்பு இல்லண்ணா."

அவர் டேப்லெட்டை வாங்கி வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தார். திரையைச் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தார். வாயால் ஊதினார்.

"இந்தத் தூசிக்கு இது ஒழுங்கா வேல செய்யாது. இன்னொரு தடவ அடிம்மா" என்று அவளிடமே நீட்டினார்.